கல்விக் கடன்: முந்தி அடைப்பதா, சேர்த்து வைப்பதா?

நமது வாலிபர்களில் பலர் கடன்பட்டே உயர்கல்வி கற்றிருக்கின்றனர். தகப்பனார் உணவுக்கடையில் நின்று சம்பாதித்த பணம் குடும்பம் நடத்தவே சரியாயிருந்த வீடுகளில், பிள்ளை பல்கலைக் கழகம் போவதற்கு வழி செய்தது பெரும்பாலும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகந்தான். பி.டி.பி.டி.என். என்று நாம் வழக்கமாய்ச் சொல்வது இதையே. 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இக்கழகம் கடனாகக் கொடுக்கும் பணம் திரும்பி வந்தால், அது அடுத்த மாணவருக்குப் போய்ச் சேரும். திரும்பாமற் போனால் அவருக்கு உரிய வாய்ப்பு சுருங்கும்.

படிப்பு முடிந்து உத்தியோகத்தில் அமர்ந்து இரண்டு மூன்று வருஷங்கள் ஆனதும், கையில் கொஞ்சம் பணம் சேர்கிறது. அப்பொழுது ஒரு கேள்வி எழுகிறது. இந்தப் பணத்தைக் கொண்டு கல்விக் கடனை ஒரே அடியாய் அடைத்துவிடலாமா? அன்றித் தவணைப்படி மாதாமாதம் கட்டிக்கொண்டு, கையிலுள்ளதைச் சேமித்து வைக்கலாமா? கடன் முதலில் தீரட்டும் என்பர் வீட்டுப் பெரியவர்கள். சேமிப்பில் வரும் லாபம் கடனின் கட்டணத்தைவிட அதிகமாயிற்றே என்பர் உடன் வேலை பார்க்கும் நண்பர்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஆகவே, மார்க்கம் சொல்வதையும் கணக்குச் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இப்பாடத்தில் பார்ப்போம்.

மார்க்கத்தில் கடனின் நிலை

திருக்குர்ஆனின் வசனங்களில் மிக நீண்டது தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. அது கடனைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படியும், தவணையைக் குறிக்கும்படியும், சாட்சிகள் வைக்கும்படியும் கட்டளையிடுகிறது. வாரிசுச் சொத்தைப் பங்கிடும் முறையைக் கூறும் அந்நிஸா அத்தியாயமும், மரண சாஸனமும் கடனும் நீங்கிய பின்னரே பங்கு என்று திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடனைக் குறித்து எவ்வளவு அச்சப்பட்டார்கள் என்பதற்கு ஹதீஸ்களில் பல சான்றுகள் உள்ளன. பாவத்தினின்றும் கடனினின்றும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி அவர்கள் தொழுகையிலேயே துஆச் செய்ததாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. கடனை விட்டுச் சென்ற ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன பின்னரே நாயகமவர்கள் தொழுவித்தார்கள். ஷஹீதுக்கும் கடன் நீங்கலாகவே பாவமன்னிப்பு என்று முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியுள்ளது.

இவற்றைக் கேட்கும் வாலிபர், கையிலுள்ள ஒவ்வொரு காசையும் இன்றே கழகத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட வேண்டும் என்று எண்ணக்கூடும். அவருடைய அச்சம் நல்ல அச்சமே. ஆயினும் சட்டத்தில் ஒரு வேறுபாடு உண்டு. அதை அறியாமல் முடிவுக்கு வரலாகாது.

தவணைக் கடனும் தவணை தவறிய கடனும்

கடன் இருவகைப்படும். ஒன்று, கொடுக்க வேண்டிய நாள் வந்துவிட்ட கடன். மற்றது, கொடுத்தவரும் வாங்கியவரும் ஒப்புக்கொண்ட தவணை இன்னும் வராத கடன். வசதியுள்ளவன் இழுத்தடிப்பது அநியாயம் என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் கண்டனம், நாள் வந்தும் கொடாதவனைச் சாரும். பத்து வருஷத் தவணைக்கு ஒப்புக்கொண்டு, மாதந்தோறும் உரிய தேதியில் கட்டி வருபவர் இழுத்தடிப்பவர் ஆகமாட்டார். அவர் தமது வாக்கைக் காப்பாற்றுகிறவர். திருப்பிக் கொடுக்கும் எண்ணத்துடன் பிறர் பொருளை வாங்கியவருக்காக அல்லாஹ்வே அதைத் தீர்த்து வைப்பான் என்ற கருத்துள்ள ஹதீஸ் இத்தகையோருக்கு ஆறுதலாகும்.

ஆகவே, முந்தி அடைப்பது விரும்பத்தக்கது; தவணைப்படி அடைப்பது போதுமானது; தவணை தவறுவது குற்றம். இம்மூன்றையும் பிரித்து அறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தவணை பாக்கி வைத்திருப்பவருக்கு, சேமிப்பதா அடைப்பதா என்ற கேள்வியே இல்லை. அவர் முதலில் பாக்கியைக் கட்ட வேண்டும். கட்ட இயலாத கஷ்டத்தில் இருந்தால் கழகத்திற்குச் சென்று நிலைமையை எடுத்துச் சொல்லித் தவணையைத் திருத்தி அமைத்துக்கொள்ள வேண்டும். கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுங்கள் என்பது அல்பகராவின் 280-வது வசனத்தின் கருத்து. அவகாசம் கேட்பதில் வெட்கமில்லை. கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டு வைப்பதிலேதான் வெட்கம் இருக்கிறது. கட்டாத கடன், பேங்க் நெகாரா வைத்திருக்கும் கடன் தகவல் பதிவேட்டிலும் ஏறும். பின்னொரு நாள் வீட்டுக்கோ வாகனத்திற்கோ பணம் கேட்டுப் போகையில் அது முன்னே வந்து நிற்கும்.

சேமிப்பும் மார்க்கம் காட்டிய வழியே

யூசுப் (அலை) அவர்கள் ஏழு செழிப்பான ஆண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு சேர்த்து வைக்கச் சொல்லி, பின்வந்த ஏழு பஞ்ச ஆண்டுகளில் மக்களைக் காத்த சரித்திரத்தைத் திருக்குர்ஆன் ஓதும் எவரும் அறிவர். நாயகமவர்களும் தமது குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்ததாகப் புகாரியில் வருகிறது. வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும்படி விட்டுச் செல்வதைவிட வசதியோடு விட்டுச் செல்வது மேல் என்று ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு உபதேசித்தார்கள்.

கையில் சேமிப்பில்லாமல் எல்லாவற்றையும் கடனுக்கே கொட்டிவிட்டவரின் கதி என்ன? 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அதைக் கண்ணாரக் கண்டோம். கடைகள் மூடின, சம்பளம் நின்றது. அன்று பல்லாயிரம் பேர், முதுமைக்கென்று வைத்திருந்த ஊழியர் சேமநிதியிலிருந்தே மாதம் 500 வெள்ளி வரை எடுத்துச் சாப்பிட வேண்டியதாயிற்று. கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணமிருந்தவர் அந்தக் கஷ்டத்தைத் தாங்கிக்கொண்டார். கல்விக் கடனை முந்தி அடைத்துவிட்டு, பிறகு அவசரத்திற்குக் கடன் அட்டையில் 15 முதல் 18 விழுக்காடு வட்டிக்குப் பணம் எடுப்பவர், சிறு கடனைத் தீர்த்துப் பெருங்கடனையும், அதனோடு ஹராமான வட்டியையும் வாங்கிக்கொண்டவராவார்.

உஜ்ராவின் கணக்கு

உஜ்ரா என்றால் கூலி. கழகம் தன் சேவைக்காக வசூலிக்கும் கட்டணம் இது. முன்னர் நூற்றுக்கு மூன்று என்றிருந்த நிர்வாகச் செலவு, 2008-ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஒன்று என்ற உஜ்ரா முறைக்கு மாறிற்று. பழைய முறையிலேயே கடனை வைத்திருப்பவர் இருந்தால், அதை உஜ்ராவுக்கு மாற்றிக்கொண்டோமா என்று முதலில் விசாரித்து அறிய வேண்டும். மார்க்க அடிப்படையிலும் பணக் கணக்கிலும் இதுவே முதல் வேலை.

நூற்றுக்கு ஒன்று என்பது ஆரம்பத்தில் வாங்கிய முழுத் தொகையின் மீது கணக்கிடப்படுவது. மீதிக் கடன் குறையக் குறைய இந்தக் கட்டணம் குறைவதில்லை. உதாரணமாக, 24,000 வெள்ளி வாங்கியவர் பத்து வருஷத்தில் அடைப்பதாய் வைத்துக்கொள்வோம். வருஷத்திற்கு 240 வெள்ளி உஜ்ரா. பத்து வருஷத்திற்கு 2,400 வெள்ளி. மொத்தம் 26,400 வெள்ளி. மாதம் 220 வெள்ளி. இதில் 200 வெள்ளி அசல். 20 வெள்ளி உஜ்ரா.

மீதியுள்ள கடனை வைத்துப் பார்த்தால் இதன் உண்மையான பாரம் வருஷத்திற்கு ஏறத்தாழ 1.9 விழுக்காடு ஆகிறது. ஒன்று என்று சொல்லக் கேட்டு ஒன்று என்றே எண்ணிவிடக் கூடாது. ஆயினும், இரண்டுக்கும் குறைந்த இந்தப் பாரம் இலேசானதுதான் என்பதில் ஐயமில்லை.

சேமிப்பின் பக்கம் என்ன கிடைக்கிறது? தாபோங் ஹாஜி 2023-ஆம் ஆண்டுக்கு 3.10 விழுக்காடும், 2024-ஆம் ஆண்டுக்கு 3.25 விழுக்காடும் பங்காதாயம் கொடுத்தது. ஊழியர் சேமநிதியின் ஷரீஅத் சேமிப்பு, 2017-இல் தொடங்கப்பட்டது, 2022-இல் 4.75, 2023-இல் 5.40, 2024-இல் 6.30 விழுக்காடு வழங்கியது. இவை நடந்தவை, நடக்கப்போவதற்கு உறுதிமொழி அல்ல. சேமநிதியின் சாதாரணச் சேமிப்புக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு என்ற உத்தரவாதம் உண்டு; ஷரீஅத் சேமிப்புக்கு அது இல்லை. மேலும், 2024 மே மாதம் முதல் சேமநிதியில் போடும் பணத்தில் நூற்றுக்குப் பத்து மட்டுமே வேண்டியபோது எடுக்கத்தக்க கணக்கில் சேர்கிறது. மீதி முதுமைக்கும் குறிப்பிட்ட தேவைகளுக்கும் பூட்டப்பட்டது.

ஓர் உதாரணம்

மேற்சொன்ன வாலிபர் மூன்று வருஷம் ஒழுங்காய்க் கட்டிவிட்டார். இன்னும் ஏழு வருஷம், அதாவது 84 தவணைகள் இருக்கின்றன. மீதியுள்ள அசல் 16,800 வெள்ளி; அதனோடு வரப்போகும் உஜ்ரா 1,680 வெள்ளி. அவசரத்திற்கென்று ஒதுக்கியது போக, அவர் கையில் சரியாக 16,800 வெள்ளி இருக்கிறது. அவருக்கு இரண்டு வழிகள்.

முதல் வழி: இன்றே முழுவதும் அடைத்துவிடுவது, அதன்பின் கட்ட வேண்டியிராத 220 வெள்ளியை மாதந்தோறும் தவறாமல் சேமிப்பது.

இரண்டாம் வழி: 16,800 வெள்ளியை ஹலாலான சேமிப்பில் அப்படியே விட்டு வைப்பது, தவணையைச் சம்பளத்திலிருந்து கட்டுவது.

பங்காதாயம் வருஷம் 3 விழுக்காடு என்று கொள்வோம். முழுவதும் அடைத்தால் மீதிக் காலத்து உஜ்ரா விழாது என்றும் கொள்வோம். ஏழு வருஷ முடிவில் முதல் வழிக்காரரிடம் சுமார் 20,500 வெள்ளி இருக்கும். இரண்டாம் வழிக்காரரிடம் சுமார் 20,660 வெள்ளி. வித்தியாசம் நூற்றறுபது வெள்ளிக்குள்தான். ஏழு வருஷத்துக்கு நூற்றறுபது வெள்ளி! இதற்காக நண்பர்கள் விவாதித்த நேரத்தின் கூலிக்கே அது காணாது.

ஏன் இவ்வளவு சிறிதாயிற்று? அசல் குறைந்தும் உஜ்ரா குறையாததால், கடனின் பின்பகுதியில் அதன் பாரம் ஏறுகிறது. தொடக்கத்தில் 1.9 விழுக்காடாயிருந்தது இப்போது மூன்றை நெருங்கிவிட்டது. பங்காதாயம் 5 விழுக்காடானால் இரண்டாம் வழிக்கு ஏறத்தாழ 1,650 வெள்ளி அனுகூலம் வரும். ஆனால் அந்த விழுக்காடு கிடைப்பது பெரும்பாலும் பூட்டிய பணத்திற்கு.

இதைவிட முக்கியமான உண்மை ஒன்று இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது. முதல் வழிக்காரர் கடனை அடைத்த பிறகு அந்த 220 வெள்ளியைச் சேமிக்காமல் புதிய கைத்தொலைபேசிக்கும் வாகனத் தவணைக்கும் விட்டுவிட்டால், ஏழு வருஷ முடிவில் கடனுமில்லை, கையில் காசுமில்லை. இரண்டாம் வழிக்காரர் அந்த 16,800 வெள்ளியைக் கண்டபடி கை வைத்துக் கரைத்துவிட்டால், கடன் மட்டுமே மிஞ்சும். எந்த வழி மேல் என்பதைப் பங்காதாயத்தைவிட மனிதரின் கட்டுப்பாடே அதிகமாய்த் தீர்மானிக்கிறது. கையில் பணம் நில்லாத சுபாவமுள்ளவருக்கு முந்தி அடைப்பதே பாதுகாப்பு.

தள்ளுபடி வரும்போது

அரசாங்கம் அவ்வப்போது, கடனை முழுவதும் அடைப்போருக்குத் தள்ளுபடி அறிவிக்கிறது. 2012-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அது 20 விழுக்காடாயிருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திட்டத்தில் 15 விழுக்காடு. மேற்கண்ட உதாரணத்தில் 15 விழுக்காடு கிடைத்தால் 16,800 வெள்ளிக்கு 14,280 வெள்ளி கட்டினால் போதும். 2,520 வெள்ளி கையில் நிற்கும். அப்போது கணக்கு முற்றிலும் மாறுகிறது. 5 விழுக்காட்டுப் பங்காதாயத்தை வைத்துப் பார்த்தாலும் முந்தி அடைப்பவரே ஏறத்தாழ 1,900 வெள்ளி முன்னே நிற்பார்.

ஆகவே, அவசர நிதி போக மிகுந்த பணத்தை ஹலாலான, உடனே எடுக்கத்தக்க சேமிப்பில் வைத்துக்கொண்டு, தவணையை ஒழுங்காய்க் கட்டி வந்து, தள்ளுபடி வரும் நாளில் முழுவதும் அடைப்பது அறிவுடைமை. ஆனால் தள்ளுபடி வரட்டும் என்று தவணையே கட்டாமல் காத்திருப்பது வேறு விஷயம். அது சாமர்த்தியமல்ல, வாக்கு மீறல்.

எதற்கு முதலிடம்?

வருமானம் சிறிதாயிருக்கும் வாலிபருக்கு வரிசை இதுவாகும்.

1. பாக்கியான தவணைகள்.

2. வட்டியுள்ள கடன், குறிப்பாகக் கடன் அட்டை. இதில் ஒரு நாளும் தாமதம் கூடாது.

3. மூன்று மாதச் செலவுக்கு அவசர நிதி. மாதச் சம்பளம் 3,000 வெள்ளி வாங்குபவருக்கு, சேமநிதி முதலிய பிடித்தங்கள் போக ஏறக்குறைய 2,650 வெள்ளி கைக்கு வரும். வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, பெற்றோருக்கு அனுப்புவது, கல்விக் கடன் தவணை எல்லாம் சேர்ந்து 2,250 ஆனால், மாதம் 400 வெள்ளி மிஞ்சும். அவசர நிதிக்கு 6,750 வெள்ளி தேவை. பதினேழு மாதங்களில் அது நிறையும்.

4. தாபோங் ஹாஜியில் 1,300 வெள்ளி வைத்து ஹஜ்ஜுக்குப் பெயர் பதிவது. முறை வர மிக நீண்ட காலமாகும் என்பதால் இளமையிலேயே பதிவது நல்லது.

5. இதன் பிறகே, மிஞ்சியதைக் கடனுக்கா சேமிப்புக்கா என்று தெரிவு செய்வது.

ஐந்தாவது படியில் நிற்பவருக்கு இரண்டும் ஆகுமானவையே. மனம் கடனில் சஞ்சலப்படுகிறதா? அடைத்துவிட்டு நிம்மதியாய்த் தூங்கட்டும். அந்த நிம்மதிக்கும் விலை உண்டு. கலியாணமோ, வீட்டு முன்பணமோ, தாயாரின் வைத்தியமோ அண்மையில் வருகிறதா? பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவணையைக் கட்டட்டும். கழகத்தில் ஒருமுறை கட்டிய பணத்தை வைத்தியச் செலவுக்கென்று திரும்பக் கேட்க முடியாது.

எங்கே சேமிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். வட்டிக்கு அஞ்சிப் பணத்தை வீட்டில் ஒளித்து வைத்தும், நிலத்தையும் கால்நடையையும் விற்றும் ஹஜ்ஜுக்குப் போன மக்களைக் கண்டு, உங்கு அப்துல் அஜீஸ் அவர்கள் 1959-இல் சமர்ப்பித்த யோசனையிலிருந்து பிறந்து, 1963-இல் இயங்கத் தொடங்கியதே இன்றைய தாபோங் ஹாஜி. வட்டியில்லாமல் சேமிக்க வழியில்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது. கூடுதல் லாபம் என்று ஆசை காட்டும் கூட்டுச் சீட்டு 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தடுக்கப்பட்டது. கல்விக் கடனுக்கென்று சேர்த்ததை அதில் போடுவது, தன் பணத்தையும் பிறர் உரிமையையும் ஒருங்கே சூதாடுவதாகும்.

ஜகாத்தும் ஜாமீனும்

சேமிப்பு 85 கிராம் தங்கத்தின் மதிப்பை எட்டி ஓராண்டு நின்றால் நூற்றுக்கு இரண்டரை ஜகாத் உண்டு. கடன் இருக்கிறதே, ஜகாத் விழுமா என்று பலர் கேட்பர். ஷாஃபிஈ மத்ஹபின் பலமான சொல்லின்படி கடன் ஜகாத்தைத் தடுக்காது. ஹனஃபீ மத்ஹபில் கடனைக் கழித்துப் பார்ப்பர். அதிலும் நீண்ட தவணைக் கடனைப் பற்றி விளக்கம் உண்டு. நம் ஜமாஅத்துகளில் இரு மத்ஹபினரும் இருப்பதால், தத்தம் ஆலிமிடம் கேட்டு நடப்பதே முறை. சேமித்து வைக்கும் வழியைத் தெரிவு செய்பவர் இந்தக் கடமையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. பழைய ஒப்பந்தங்கள் பலவற்றில் ஜாமீன் கையெழுத்து இருக்கிறது. மாமாவோ, பெரியத்தாவோ, தகப்பனாரின் கூட்டாளியோ, பிள்ளை படிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் பேனா எடுத்தவர்கள். தவணை தவறினால் கடிதம் அவர்கள் வீட்டுக்கும் போகும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவரின் வாசலுக்கு அந்தக் கடிதம் போகலாகாது என்ற ஒரு நினைவே, எந்தக் கணக்கையும்விட வாலிபரைத் தவணை தவறாமல் நிறுத்த வேண்டும்.

கடனுள்ள எவரும் அதன் விவரத்தை எழுதி வீட்டாரிடம் வைக்க வேண்டும்: எவ்வளவு வாங்கியது, எவ்வளவு கட்டியது, எவ்வளவு மீதி, மரணம் நேர்ந்தால் அக்கடனுக்குப் பாதுகாப்பு உண்டா என்பது. இளம் வயது இதற்கு விலக்கல்ல. தாய் தகப்பன் அறியாத கடனை அவர்கள் எப்படித் தீர்ப்பார்கள்?

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இதே நிதிக் கழகம் எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புத் திட்டத்தையும் நடத்துகிறது. தொட்டிலில் இருக்கும் குழந்தையின் பெயரில் மாதம் முப்பது, ஐம்பது வெள்ளி போட்டு வந்தால், அப்பிள்ளை பதினெட்டு வயதில் வாங்கும் கடன் அந்த அளவுக்குக் குறையும். மூத்தவர் தம் கடனை அடைத்து மிச்சப்படும் 220 வெள்ளியில் ஒரு பங்கைத் தம்பி தங்கையின் பெயரில் போடுவாரானால், ஒரு குடும்பம் கடனில் கற்கும் நிலையிலிருந்து சொந்தப் பணத்தில் கற்கும் நிலைக்கு ஒரே தலைமுறையில் ஏறிவிடும்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. தவணை வந்த கடனுக்கும் வராத கடனுக்கும் மார்க்கத்தில் என்ன வேறுபாடு?

2. நூற்றுக்கு ஒன்று என்ற உஜ்ரா, கடனின் பின்பகுதியில் ஏன் பாரமாகிறது?

3. உமது மூன்று மாதச் செலவு எவ்வளவு? அது இப்போது உம் கையில் உண்டா?

4. உமது கடனின் மீதித் தொகை வீட்டில் யாருக்குத் தெரியும்?

மூன்றாவதற்கும் நான்காவதற்கும் விடையை இன்றிரவே ஒரு தாளில் எழுதிவிடுக. அடைப்பதா, சேமிப்பதா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

பெற்ற கல்வியைப் பயனுள்ளதாக்கி, பட்ட கடனைக் கண்ணியமாய்த் தீர்த்து, பிறர் உரிமை எதுவும் நம் கழுத்தில் இல்லாத நிலையில் தன்னைச் சந்திக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.